மூச்சுக்கும் வருணம் உண்டோ?

திரை உயர்கிறது, தோழனே!

ஒரு தெரு. நண்பகல். தெருவின் நடுவே வட்டமான இரும்பு மூடி ஒன்று பெயர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதன் ஓரத்தில் இருவர். மூத்தவன் ஒருவன், அவனுக்கு இளையவன் ஒருவன். சற்றே தள்ளி, வேப்பமர நிழலில், ஒப்பந்தக்காரரின் ஆள்.

"பொழுது சாய்வதற்குள் அடைப்பு எடுபட்டாக வேண்டும். ஆகட்டும், இறங்கு!"

மூத்தவன் சட்டையைக் கழற்றுகிறான். இடையில் கயிறில்லை. கையில் உறையில்லை. முகத்தில் கவசமில்லை. இருப்பது ஒரு துண்டு. அதை மூக்கின்மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்குகிறான். தலை மறைகிறது.

"அண்ணே!"

விடையில்லை.

"அண்ணே! அண்ணே!"

குழி பேசவில்லை.

இளையவன் எண்ணிப் பார்க்கவில்லை. உடன்பிறந்தவன் உள்ளே விழுந்து கிடக்கையில் எவன்தான் எண்ணிப் பார்ப்பான்? அவனும் இறங்குகிறான். அவன் குரலும் அடங்குகிறது. கூச்சல் கேட்டு ஓடி வருகிறான் மூன்றாமவன். வழியே போனவன், அவர்களுக்கு உறவும் அல்லன், ஊரானும் அல்லன், மனிதன், அவ்வளவே! அவனும் இறங்குகிறான்.

மூவர் இறங்கினர். ஒருவரும் ஏறவில்லை.

கூட்டம் கூடுகிறது. மணியடித்துக்கொண்டு தீயணைப்பு வண்டி வருகிறது. அதிலிருந்து குதிக்கிறான் நான்காமவன். அவன் முதுகில் ஓர் உருளை. முகத்தை மூடி ஒரு கண்ணாடிக் கவசம். இரண்டையும் இணைக்க ஒரு குழாய். அவன் இறங்குகிறான், ஏறுகிறான், மீண்டும் இறங்குகிறான், மூன்று உடல்களையும் மேலே சேர்க்கிறான். அவனுக்கு ஒரு தீங்கும் நேரவில்லை.

அதே குழி! அதே நஞ்சு! அதே ஆழம்! மூவர் மாண்டனர், நான்காமவன் மீண்டான். நான்காமவன் மேனி இரும்பால் ஆனதா? இல்லை. அவன் தன் மூச்சைத் தன்னோடு எடுத்துச் சென்றான். மற்ற மூவரும் குழி கொடுத்ததை மூச்சென்று நம்பினர். வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே இருந்த வேறுபாடு ஓர் உருளைக் காற்று!

காட்சியை நான் புனைந்தேன். பாத்திரங்களுக்குப் பெயர் சூட்டவில்லை. ஊருக்கும் பெயர் சூட்டவில்லை. சூட்டத் தேவையும் இல்லை. செய்தித்தாள் படிக்கும் பழக்கமுள்ள எவரும் இந்தக் காட்சியைப் பலமுறை பார்த்துவிட்டார்கள். பார்த்துவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டியும் விட்டார்கள். நான் புரட்ட மறுக்கிறேன். இந்த ஞாயிறு நீயும் என்னோடு இந்தப் பக்கத்திலேயே நில், தோழனே!

*

நாடகம் எழுதுகிறவன் நான். மேடையில் ஒருவனைச் சாகவைக்க வேண்டுமானால் அவனுக்கு இரண்டு பக்க வசனம் எழுதுவேன். மார்பில் குத்துப்பட்டவன் எழுவான், தூணைப் பிடிப்பான், தாய்நாட்டை அழைப்பான், காதலியை நினைப்பான், கைதட்டல் அடங்கிய பிறகே கண்மூடுவான். ஆனால், கழிவுநீர்க் குழியில் சாகிறவனுக்கு எந்த நாடகாசிரியனாலும் வசனம் எழுத முடியாது. "ஐயோ" என்ற இரண்டெழுத்துக்கும் அங்கே நேரமில்லை.

ஏன்? அந்த நஞ்சின் இயல்பு அத்தகையது.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு மேடையேறியவன் நான். கற்றவற்றில் பலவும் மறந்துபோயின. ஆனால், வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கிப் கருவியிலிருந்து கிளம்பிய அழுகிய முட்டை நாற்றம் இன்னும் மறக்கவில்லை. ஹைட்ரஜன் சல்பைடு என்று அதற்குப் பெயர். கழிவு தேங்கி, காற்றோட்டமின்றி அழுகும் இடமெல்லாம் அது பிறக்கும். காற்றைவிடச் சற்றுக் கனமானது. ஆகவே பள்ளத்தில் படுத்துக் காத்திருக்கும்.

நாற்றம் அடிக்கும்வரை அது எச்சரிக்கிறது எனலாம். அளவு மிகுந்தால் அந்த எச்சரிக்கையும் இல்லை! பத்து இலட்சம் பங்கு காற்றில் 100 பங்கு அது கலந்துவிட்டாலே சிறிது நேரத்தில் மூக்கு மரத்துப்போகும். "நாற்றம் போய்விட்டது, இனி அச்சமில்லை" என்று மனிதன் நினைக்கிற அந்த நொடியில்தான் அச்சம் தொடங்குகிறது. 700, 1000 என்று அந்த அளவு ஏறினால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்வான். மூச்சுவிடச் சொல்லி மூளை இடும் ஆணையே நின்றுபோகும். அப்புறம் எங்கே அலறுவது? எங்கே கயிற்றை இழுப்பது?

அது மட்டுமா? நாம் மூச்சுவிடும் காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பங்கு பிராணவாயு. மூடிக் கிடக்கும் குழியில் கழிவை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் அதை உண்டு தீர்க்கின்றன. மீத்தேனும் கரியமில வாயுவும் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பிராணவாயு 16 பங்குக்குக் கீழே இறங்கினால் அறிவு தடுமாறும். 10 பங்குக்குக் கீழே மயக்கம். 6 பங்குக்குக் கீழே சில நிமிடங்களில் முடிவு. போதாக்குறைக்கு, அந்த மீத்தேன் தீப்பொறி பட்டால் வெடிக்கும்!

இப்போது சொல், தோழனே! மூக்கின்மேல் கட்டிய துண்டு என்ன செய்யும்? தூசியைத் தடுக்கும். முகமூடி என்ற பெயரில் கொடுக்கப்படும் துணி என்ன செய்யும்? மேலே நிற்பவன் மனச்சான்றுக்குத் தாலாட்டுப் பாடும்! வடிகட்டிக் குப்பி பொருத்திய நல்ல முகமூடியும் இங்கே பயன்படாது. வடிகட்டி, இருக்கும் காற்றிலுள்ள அழுக்கை எடுக்கும். இல்லாத பிராணவாயுவை அது எங்கிருந்து கொண்டுவரும்? ஆதலால்தான் விஞ்ஞானம் தெளிவாகச் சொல்கிறது: காற்றில்லாத இடத்திற்குப் போகிறவன் காற்றோடு போகவேண்டும்!

*

அந்தக் கருவி பெரிய மாயமன்று. அமுக்கினால் காற்று அடங்கும்; விட்டால் விரியும். இதுதான் அதன் தத்துவம். 6.8 லிட்டர் கொள்ளும் உருளை ஒன்றில், வெளிக்காற்றைப்போல் ஏறத்தாழ 300 மடங்கு அழுத்தத்தில் தூய காற்றை அடைக்கிறார்கள். வீட்டுக் குடம் ஒன்றின் அளவேகூட இல்லாத அந்த உருளையில் 2000 லிட்டரை நெருங்கும் காற்று அடங்கிவிடுகிறது. உழைக்கும் மனிதன் நிமிடத்திற்கு 40 லிட்டர் இழுப்பான் என்று கணக்கிட்டால், முக்கால் மணி நேர வாழ்வு அவன் முதுகில் இருக்கிறது.

உருளையிலுள்ள அழுத்தம் நேரே வாய்க்கு வந்தால் நுரையீரல் கிழிந்துபோகும். ஆகவே, ஒரு திறப்பு அழுத்தத்தைக் குறைக்கிறது. முகத்தருகே உள்ள இன்னொரு திறப்பு, அவன் மூச்சை இழுக்கும்போது மட்டும் திறந்து, இழுத்த அளவுக்குக் கொடுத்து மூடிக்கொள்கிறது. கவசத்தின் உள்ளே அழுத்தம் வெளியைவிடச் சற்றே கூடுதலாக வைக்கப்படுகிறது. எங்கேனும் இடுக்கு இருந்தால் நல்ல காற்று வெளியே கசியும். நஞ்சு உள்ளே புகாது. காற்று தீரும் தறுவாயில் ஒரு சீழ்க்கை ஒலிக்கும்: "போதும், திரும்பு!" என்று கருவியே கட்டளையிடும்.

இதில் இன்னொரு வகை உண்டு. சிறிய உருளை, தலையில் கவிழ்க்கும் உறை, பத்து அல்லது பதினைந்து நிமிடத்துக்கான காற்று. அது உள்ளே நுழைவதற்கன்று, வெளியே தப்புவதற்கு. இந்த வேறுபாட்டை நினைவில் வை, தோழனே. தப்பிக்கும் கருவியைக் கொடுத்து ஒருவனை நஞ்சுக்குள் அனுப்புவது, நீந்தத் தெரியாதவன் கையில் ஒரு கட்டுமரத் துண்டைக் கொடுத்து நடுக்கடலில் தள்ளுவதற்கு ஒப்பாகும்.

*

இது நேற்று முளைத்த புதுமையா? நம் பாட்டனுக்குப் பாட்டன் காலத்துச் செய்தி!

பிரான்சு நாட்டில் பெனுவா ருக்கேரோல் என்றொரு சுரங்கப் பொறியாளர் இருந்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் நச்சுவாயு சூழ்ந்தால், உள்ளே சிக்கியவனைக் காப்பாற்றப் போகிறவனுக்கு என்ன வழி என்று அவர் சிந்தித்தார். அமுக்கிய காற்றை, இழுக்கும் அளவுக்கு மட்டும் திறந்துவிடும் கருவிக்கு 1860-இல் உரிமை பெற்றார். 1864-இல் அகுஸ்த் தெனெரூஸ் என்ற கடற்படை அதிகாரியோடு சேர்ந்து அதைக் கடலடியில் மூழ்குவோருக்கும் ஏற்றதாக்கினார். 1870-இல் வெளிவந்த ஜூல் வெர்ன் எழுதிய கடலடிப் புதினத்தில் நாயகர்கள் மூச்சுவிடுவதே அந்தக் கருவியைக் கொண்டுதான். கதைக்குள் நுழைந்து 150 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட கருவி, நம் தெருவோரக் குழிக்கு இன்னும் வந்து சேரவில்லை!

1906, மார்ச்சு 10. பிரான்சின் வடக்கே குர்ரியேர் சுரங்கங்களில் நிலக்கரித் தூள் தீப்பற்றி வெடித்தது. மாண்டவர் 1,099 பேர். அந்நாளில் பிரான்சும் செருமனியும் மொராக்கோவின் பொருட்டு முறைத்துக்கொண்டிருந்த நாடுகள். ஆயினும், எல்லையைக் கடந்து, மூச்சுக் கருவிகளைச் சுமந்துகொண்டு, செருமன் சுரங்கத் தொழிலாளர் வந்தனர். பகைவன் நாட்டுப் பாட்டாளியைத் தேடிக் குழியில் இறங்கினர். அவர்கள் கொண்டுவந்தது பிராணவாயுக் கருவி. வகை வேறு, நோக்கம் ஒன்றே. 1931-இல் பாப்ஸ்ட் எடுத்த 'காமராட்ஷாஃப்ட்' என்ற திரைப்படம் அந்தத் தோழமையை அடிப்படையாகக் கொண்டதே. எல்லைக்கோட்டைத் தாண்டி வந்தது அந்த மூச்சு. நம் நாட்டிலோ அது ஒரு சேரியின் எல்லையைத் தாண்ட மறுக்கிறது!

இன்னொருவன் கதையையும் கேள். கேரட் மோர்கன். அடிமைத்தளையில் கிடந்து மீண்ட பெற்றோர்க்கு, அமெரிக்காவின் கெண்டக்கியில் 1877-இல் பிறந்த கறுப்பர். தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றது. புகையிலும் நச்சுவாயுவிலும் மூச்சுவிட உதவும் தலைக்கவசம் ஒன்றைச் செய்து 1914-இல் உரிமை பெற்றார். ஆனால், கறுப்பன் செய்த கருவியை வெள்ளையர் வாங்குவரா? என்ன செய்தார் தெரியுமா? வெள்ளை நடிகர் ஒருவரைக் கண்டுபிடிப்பாளராக மேடையில் நிறுத்தித் தம் கருவியை விற்றார்! அறிவு கறுப்பனுடையது, முகம் மட்டும் வெள்ளையனுடையது. நாடகக்காரனான எனக்கு இதைவிடக் கொடிய நாடகம் ஒன்று தெரியாது.

1916, சூலைத் திங்களில், கிளீவ்லாந்து நகரத்து ஈரி ஏரியின் அடியில் தோண்டப்பட்டுவந்த குடிநீர்ச் சுரங்கம் வெடித்தது. காப்பாற்றச் சென்றவர்களும் நச்சுவாயுவில் வீழ்ந்தனர். நள்ளிரவில் மோர்கனைத் தேடி ஆள் ஓடியது. வந்தார்; உடன்பிறந்தவரோடு கவசமணிந்து இறங்கினார்; உயிரோடிருந்தவர்களையும் உயிரிழந்தவர்களையும் மேலே கொண்டுவந்தார். உயிர் போகும் வேளையில் அவர்கள் நிறம் கேட்கவில்லை. போன உயிர் திரும்பிய பிறகு மீண்டும் நிறம் கேட்டார்கள்! இன்று அந்நகரத்தின் நீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மோர்கன் செய்தது உருளைக் கருவியன்று. புகை மேலே எழும்ப, தரையருகே தேங்கும் நல்ல காற்றை நீண்ட குழாயால் இழுத்த கருவி. கழிவுநீர்க் குழிக்கு அந்த முறை உதவாது. அங்கே கனத்த நஞ்சு தரையில்தான் படுத்திருக்கிறது. ஆதலால்தான் காற்றைச் சுமந்து செல்லும் கருவியே அங்கு வேண்டும்.

உலகம் வளர்ந்தது. கருவியும் வளர்ந்தது. சந்திரனுக்கு ஆளனுப்பிய அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, 1970களில் தீயணைப்பு வீரர்களின் சுமையைக் குறைக்கும் வேலையில் இறங்கியது. இரும்பு உருளைக்கு மாற்றாக, கண்ணாடி இழை சுற்றிய அலுமினிய உருளை வந்தது. கருவியின் எடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கப்பல்களைப் பார். 1912-இல் டைட்டானிக் மூழ்கியதைத் தொடர்ந்து பிறந்தது கடலில் உயிர்காக்கும் உலக உடன்படிக்கை. அதன் விதிகளில் சேர்க்கப்பட்ட திருத்தம், சரக்குக் கப்பலானாலும், பத்து நிமிடத்துக்குக் குறையாத தப்பிக்கும் மூச்சுக் கருவிகளை வைத்திருக்க வேண்டுமென 2002, சூலை 1 முதல் கட்டாயமாக்கியது. சரக்கேற்றும் கப்பலுக்கு உண்டு அந்தக் கருவி. நகரத்தின் கழிவையெல்லாம் சுமக்கும் மனிதனுக்கு?

*

"சட்டம் இல்லையா?" என்று கேட்பாய். இருக்கிறது, தோழனே! இந்த நாட்டில் இல்லாதது சட்டமா?

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்கிறது. கையால் மலம் அள்ளுவோரைப் பணியமர்த்துவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் வந்தது. பாதுகாப்பின்றிக் கழிவுநீர்க் குழியிலும் மலக்குழியிலும் மனிதனை இறக்குவது குற்றம். முதல்முறை செய்தால் ஈராண்டுவரை சிறை, அல்லது இரண்டு இலட்சம் ரூபாய்வரை தண்டம், அல்லது இரண்டும். மறுமுறை செய்தால் ஐந்தாண்டு, ஐந்து இலட்சம். அந்தச் சட்டத்தின் விதிகளைப் பிரித்துப் பார். வாயுவை அளக்கும் கருவி, காற்றுக்குழாய் பொருத்திய மூச்சுக் கருவி, காற்றூதும் பொறி என்று அணிவகுத்து நிற்கின்றன. ஏட்டில் எல்லாம் உண்டு. குழியருகே? ஒரு துண்டு!

உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது: 1993 முதல் இவ்வாறு மாண்ட ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் பத்து இலட்சம் ரூபாய். 2023, அக்டோபர் 20-இல் மீண்டும் தீர்ப்பளித்தது: இனி முப்பது இலட்சம். நீதிமன்றத்தைத் தலைவணங்கிப் போற்றுகிறேன். ஆனால், அந்தத் தொகை எண்ணப்படுவது பிணத்தின் அருகே. அந்த ஒரு தொகைக்கு எத்தனை உருளைகள் வாங்கலாம், எத்தனைபேர் வீடு திரும்பலாம் என்ற கணக்கை எந்தக் கருவூல அதிகாரியும் போட்டுப் பார்க்கவில்லையே! செத்தபின் கொடுக்கப் பணமிருக்கிறது. சாகாமலிருக்கக் கொடுக்கப் பணமில்லையாம்!

1993 முதல் மாண்டவர்களென ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைத்த கணக்கு ஆயிரத்தைத் தாண்டுகிறது. அந்தப் பட்டியலில் முதலிடம் எந்த மாநிலத்துக்கு? சொல்ல நாக்கூசுகிறது. தமிழ்நாட்டுக்கு! கழிவுநீர்க் குழிகளிலும் மலக்குழிகளிலும் வேலை செய்வோர் யாரென ஒன்றிய அரசே எடுத்த கணக்கின் விவரம் 2024-இல் வெளிவந்தது. பத்தில் ஒன்பதுபேர் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்பட்டோர். தாழ்த்தப்பட்டோர் மட்டும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். காற்றுக்குச் சாதியில்லை, நஞ்சுக்கும் சாதியில்லை. குழியில் இறங்குவோர் பட்டியலுக்கு மட்டும் சாதி இருக்கிறதே, அது எப்படி வந்தது? மனு வகுத்தது மறைந்துவிட்டது என்போர், அந்தப் பட்டியலை ஒருமுறை படிக்கட்டும்!

மூச்சை அடக்கி முத்தி தேடிய முனிவர் கதைகளை ஆயிரம் ஆண்டுகளாக இந்நாடு பாடிக்கொண்டிருக்கிறது. மூச்சின்றி மாண்ட மனிதன் கதையை யார் பாடினார்? 2023, ஆகசுட்டு 23-இல் சந்திரனின் தென்முனை அருகே நம் கலம் இறங்கியது, மகிழ்ந்தோம், மார்தட்டினோம். காற்றில்லாச் சந்திரனில் இறங்க வழிகண்ட நாடு, காற்றில்லாக் குழியிலிருந்து ஒருவனை ஏற்ற வழிகாணாதா?

*

மறுப்புரைப்போர் உண்டு. அவர்கள் சொல்லையும் கேட்போம்.

"கருவியைக் கொடுத்தாலும் தொழிலாளி போட மறுக்கிறான், கனக்கிறது என்கிறான், குழியின் வாய்க்குள் நுழையவில்லை என்கிறான்." முழுப்பொய் அன்று இது. பத்துக் கிலோவுக்குமேல் எடையை முதுகில் ஏற்றிக்கொண்டு குறுகிய துளைக்குள் நுழைவது எளிதன்று. அதற்கும் விடை இருக்கிறது. மேலிருந்து குழாய் வழியே காற்று வரும். இடுப்பில் சிறிய உருளை ஒன்று துணைநிற்கும். குழாய் அறுந்தால் அந்த உருளை அவனை வெளியேற்றும். பழக்காத கருவியை எவன் போடுவான்? தீயணைப்பு வீரன் பிறக்கும்போதே அதை அணிந்தா பிறந்தான்? பயிற்சி கொடுத்தார்கள், அணிந்தான். ஒரு நாள் கூலிக்கு அழைத்து வந்தவன் கையில் பெட்டியைத் திணித்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு, மறுநாள் பெட்டியைப் பூட்டிவைத்தால் அவன் எப்படிப் பழகுவான்?

இன்னொரு மறுப்பு, நம் தரப்பிலிருந்தே எழுவது. "கருவி கொடு என்று கேட்பது, குழியில் இறக்கு என்று ஒப்புக்கொள்வதாகாதா?" கூரிய கேள்வி! அதற்கு என் விடை இதுதான்: குழிக்குள் இறங்க வேண்டியது இயந்திரம். 2018-இல் கேரளத்துத் திருவனந்தபுரத்தில் குழிக்குள் தன் கையை நீட்டி அடைப்பெடுக்கும் ரோபோ ஒன்று வேலைக்கு வந்தது. கட்டியவர்கள் இளம் பொறியாளர்கள். அவர்கள் நெஞ்சைச் சுட்டது 2015, நவம்பரில் கோழிக்கோட்டில் நடந்த ஒரு கொடுமை. கழிவுநீர்க் குழியில் ஆந்திரத் தொழிலாளர் இருவர் மயங்கிச் சாய்ந்தனர், வழியில் நின்ற ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் அவர்களைக் காப்பாற்ற இறங்கினார், மூவரும் மாண்டனர். யாரென்றே அறியாதவர்க்காக உயிரைக் கொடுத்த அந்த மாமனிதர் கையில் அன்று இரக்கம் இருந்தது, காற்று இல்லை!

நான் மூச்சுக் கருவி கேட்பது அந்த ஆட்டோ ஓட்டுநருக்காக. இளையவனுக்காக. மூன்றாமவனுக்காக. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-இல் ஓர் எச்சரிக்கை விடுத்தது: அடைபட்ட இடங்களில் நேரும் சாவுகளில் நூற்றுக்கு 60க்கு மேல் காப்பாற்றச் சென்றவர்களுடையவை! குழி ஒருவனைக் கொல்கிறது. அன்பு மற்றவர்களைக் கொல்கிறது. அன்பு கொலைகாரனாகாமல் தடுக்க வேண்டுமானால், அன்பின் முதுகில் காற்று இருக்க வேண்டும். இயந்திரம் வேலைக்கு, மூச்சுக் கருவி மீட்புக்கு. இதுவே நம் கோரிக்கையின் உயிர்நாடி.

மீட்பிலும் முதல் வழி இறங்குவதன்று. குழியின்மேல் முக்காலி ஒன்று. அதில் இழுவை உருளி ஒன்று. இறங்குவோன் மார்பில் வார்ப்பட்டை ஒன்று. அவன் சாய்ந்தால் மேலிருந்தே சுழற்றி இழுத்துவிடலாம். அந்த வழியும் அடைபட்டால்தான் உருளை சுமந்தவன் இறங்குவது. இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன். அந்த உருளையில் இருக்க வேண்டியது அமுக்கிய தூய காற்று. பற்றவைப்புக் கடையிலுள்ள பிராணவாயு உருளையைக் குழிக்குள் இறக்காதே! மீத்தேன் நிறைந்த இடத்தில் அது தீயை அழைக்கும் தூது.

*

இனி, நம்மை நாமே கேட்டுக்கொள்ளும் நேரம், தோழனே.

1925-இல் தோன்றிய சுயமரியாதை இயக்கம் நூற்றாண்டு கண்டுவிட்டது. 1967க்குப் பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இம்மாநிலக் கோட்டையில் அமர்ந்தவை அந்த இயக்கத்தின் பெயரைச் சொன்ன கட்சிகளே. பள்ளி திறந்தோம், சோறு போட்டோம், இடஒதுக்கீட்டைக் காத்தோம், சாதிப் பெயரைத் தெருப்பலகையிலிருந்து அழித்தோம். பெருமைதான். ஆனால், அந்தத் தெருப்பலகையின் கீழே உள்ள குழியில் சாதி உயிரோடு படுத்திருக்கிறதே! வடக்கே பார்த்து விரல் நீட்டும்போது, பட்டியலில் முதலிடம் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறதே! எதிரியின் குறையை மட்டும் எழுதுவது கட்சி ஏட்டுக்கு எளிது. நம் குறையையும் எழுதினால்தான் அது இயக்க ஏடு.

நகராட்சி மன்றங்களிலும் பேரூராட்சி மன்றங்களிலும் நம் தோழர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஞாயிறு ஒரு வேலை தருகிறேன். அடுத்த கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள். நம் ஊரில் வாயு அளக்கும் கருவி எத்தனை? காற்றடைத்த மூச்சுக் கருவி எத்தனை? அவற்றில் இன்று காற்று இருக்கிறதா? அவற்றை அணியத் தெரிந்தவர் எத்தனைபேர்? விடை சொல்லத் தலைவர் தடுமாறினால், அவர் நம் கட்சிக்காரரே ஆனாலும், உட்காராதீர்கள்!

ஒப்பந்தப் பட்டியலில் கையெழுத்திடுமுன் கேளுங்கள்: முக்காலி உண்டா, இழுவைக் கயிறு உண்டா, மூச்சுக் கருவி உண்டா? இல்லையெனில் பணம் இல்லை. ஒப்பந்தக்காரரின் கூலியாள் என்பதால் அவன் நுரையீரல் வேறாகிவிடாது.

வீட்டுக்காரர்களே, உங்களிடமும் ஒரு சொல். சாவு பாதாளச் சாக்கடையில் மட்டுமன்று, உங்கள் வீட்டுக் கொல்லைப்புற மலக்குழியிலும் நேர்கிறது. "சின்னக் குழிதானே, ஓர் ஆளைப் பிடித்து இறக்கினால் முடிந்தது" என்று நினைக்காதீர்கள். 14420 என்ற எண் இதற்கென்றே இருக்கிறது. உறிஞ்சும் வண்டியை அழையுங்கள். ஒரு மனிதனைச் சில நூறு ரூபாய்க்கு உங்கள் கழிவுக்குள் இறக்கிய பிறகு, உங்கள் வீட்டு வாயிலில் எந்தக் கோலம் போட்டும் பயனில்லை.

கடைசியாக, அந்தக் காட்சிக்கே திரும்புகிறேன். நாடகாசிரியன் என்ற உரிமையில் அதைத் திருத்தி எழுதுகிறேன்.

அதே தெரு. அதே மூடி. குழிக்குள் இறங்குகிறது ஓர் இரும்புக் கை. மேலே நின்று அதை இயக்குகிறான் மூத்தவன். அவன் சட்டையில் கறையில்லை. பக்கத்தில் இளையவன், அவன் அருகே, எட்டும் தூரத்தில், காற்று நிரம்பிய உருளை ஒன்று, தேவைப்படாமலே காத்திருக்கிறது. பொழுது சாய்கிறது. அடைப்பு எடுபடுகிறது. இருவரும் கை கழுவிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறார்கள்.

கைதட்டல் எழாது. பரபரப்பில்லாத காட்சி இது. செய்தித்தாளிலும் இடம்பெறாது. அந்தச் செய்தியில்லாத நாளைத்தான் நான் கேட்கிறேன், தோழனே! அந்த நாள் வரும்வரை, நம் கொடி எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், அதை அசைக்கும் காற்றில் ஒரு பங்கு அந்தக் குழிக்குக் கடன்பட்டது. கடனைத் தீர்ப்போம்!